ஒருபோதும் என்றால் எப்போதும்

ஜனவரி 18

என் அருமை அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? தலைவலி விட்டதா? ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறாய், உன் கண்ணாடியை மட்டும் மாற்ற மாட்டேன் என்கிறாய். போனில் பேசினால் உன் குரல் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை விலாசத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறேன்.

இங்கே ஒரு பேருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கால அட்டவணைக்குப் புரோகிராம் எழுத வேண்டும். அறை, ஒரு டயர் கடைக்கு மேலே. நாள் முழுக்க ரப்பர் வாடை.

நேற்று வீடியோவில் அத்தானை மேடையில் பார்த்தேன். புதுச் சட்டை. "இந்த லைப்ரரியில இருக்கிற ரெண்டு வகையையும் நானே உட்கார்ந்து வடிவமைச்சேன்" என்கிறார். கைதட்டல் வேறு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அக்கா, உனக்குத் தெரியும். அந்த லைப்ரரி, யாரும் தங்கள் புரோகிராமில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தொகுப்பு; அதில் இரண்டு வகைகள். 'எதிலிருந்து எது வரை' என்பதை ஒரே பொருளாகப் பிடித்துவைக்கும் வகை, 'இடைவெளி'. பல இடைவெளிகள் சேர்ந்த கூட்டம், 'கணம்'. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வருமே, அதே கணம். இரண்டையும் நான் உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எட்டு மணி வரை என்றால் எட்டு மணி உள்ளேயா வெளியேயா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டபோது, நீ பாத்திரம் துலக்கியபடியே சொன்னாய்: "எட்டு மணிக்குக் கடை மூடுறோம்னா, எட்டு மணிக்கு வர்றவனுக்கு ஷட்டர் திறக்க மாட்டோம்டி. ஒன்பதுக்குத் திறக்கிறோம்னா, ஒன்பதுக்கு நிக்கிறவனை உள்ள விட்டுத்தான் ஆகணும்." தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. என் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு பேச்சின் மேல்தான் நிற்கிறது.

வேலையை வாங்கிக்கொண்டு, "உன் தரம் நம்ம கம்பெனிக்குப் போதாது" என்று என்னை வெளியே அனுப்பினாரே, அதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. நேரம் வரட்டும்.

உன் நினைவோடே தூங்கப் போகும்,
வாலு

பிப்ரவரி 2

அடி வாலு,

கடிதம் கிடைத்தது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ரப்பர் வாடை நெஞ்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வை.

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். குளியலறையில் வழுக்கிவிட்டேன், வலது மணிக்கட்டில் சுளுக்கு. கடையில் லென்ஸை மாற்றிப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அத்தானோடு மல்லுக்கட்டாதே. அவர் இப்போது தரையில் நடப்பதில்லை. உன் 'இடைவெளி', 'கணம்' எல்லாவற்றையும் வைத்துக் கதவுப் பூட்டு செய்கிறார்கள். சாவி இல்லை, அட்டை. யாருக்கு எந்த நேரம் திறக்க வேண்டும் என்று பூட்டுக்கே தெரியுமாம். இப்போது கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் மாட்டுகிறார்கள். அடுத்தது வீடுகள்தானாம். ஒரு பெரிய நிறுவனம் அவர் கம்பெனியையே மொத்தமாக வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறது.

போன் பண்ணாதே. கடைக்கே எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஆயிரம் முறை சொல்லும்,
அக்கா

பிப்ரவரி 24

அக்கா,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா? உன் வீட்டுக் குளியலறையில் வழுக்காத விரிப்பு போட்டிருப்பதாக எனக்கு ஞாபகம். போகட்டும்.

ஒரு வேடிக்கை கேள். இங்கே அட்டவணைக்கும் அதே லைப்ரரிதான். பாலம் பழுது என்று ஒரு வழித்தடத்தை நிறுத்தினோம். பேருந்து ஓடும் நேரத்திலிருந்து நிறுத்திய நேரத்தையெல்லாம் கழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்கக் கூடாது அல்லவா? மறுநாள் காலையில் நிறுத்தத்துப் பலகை, அந்தப் பேருந்து நாள் முழுக்க ஓடும் என்று காட்டுகிறது! ஜனங்கள் மழையில் வரிசை கட்டி நின்று, பிறகு அலுவலகத்துக்கு வந்து என் மேலாளரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்து பார்த்தேன். என் வடிவமைப்பில் 'நேரமே இல்லை' என்பதற்குத் தனி அடையாளம் வைத்திருந்தேன். வெற்றுக் கணம். 'எல்லையே இல்லை' என்றால் தொடக்கம், முடிவு இரண்டு முனையும் எழுதாமல் விட்டிருக்கும். அத்தான் அந்தத் தனி அடையாளத்தை, 'தேவையில்லாத சுமை' என்று குறிப்பு எழுதித் தூக்கிவிட்டார். இப்போது இரண்டுக்குமே முனைகள் வெறுமை. 'ஒருபோதும் கிடையாது' என்று நாம் சொன்னால், 'எப்போதும் உண்டு' என்று அதன் காதில் விழுகிறது.

எங்கள் அட்டவணையில் மட்டும் அந்தக் குறை தலைகாட்டாதபடி வேறு வழி செய்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்தப் பெரிய நிறுவனம் கையெழுத்துப் போட உட்காரும் அன்று, எல்லார் முன்னாலும் இதை விரித்துக் காட்டுவேன். அதுவரை வாயில் கொழுக்கட்டை.

சிரித்தபடி,
வாலு

மார்ச் 20

வாலு,

சுகம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேருந்துக் கதையைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு நானே சிரித்தேன். லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர், தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டார்.

ஒன்று கேட்கிறேன், சொல். அது பேருந்துக்கு. பூட்டில் அது என்ன செய்யும்?

நான் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறேன். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட ஒரு கம்பி. நடந்தே வேலைக்குப் போகலாம் என்பதற்காகத்தான். போன் எண்ணையும் மாற்றிவிட்டேன், யாருக்கும் கொடுக்கவில்லை; நீ கடைக்கே எழுது. இங்கேயும் அத்தான் கம்பெனிப் பூட்டே மாட்டியிருக்கிறார்கள். வீடு பார்த்த அன்று கூடவே வந்து, குடும்பத் தலைவர் என்று சொல்லித் தன் பெயருக்கும் ஓர் அட்டை வாங்கிக்கொண்டார். மூன்றாம் மாடியில் ஒரு தையற்காரி இருக்கிறாள். இயந்திரம் ஓடும் சத்தம் எனக்குத் துணை.

பதில் போடு. கேட்டதற்குப் பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 3

அன்பு அக்காவுக்கு,

நான் சௌக்கியம். சளி மட்டும்.

கடைக்குப் பக்கத்தில் என்கிறாய். உன் பழைய வீட்டிலிருந்து கடைக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாதா? நேராகக் கேட்கிறேன்: அத்தான் உன்னை அடிக்கிறாரா?

பூட்டைப் பற்றி நீ கவலைப்படாதே. ஒருவர் பெயரை அழித்துவிட்டால் அவருக்குத் திறக்காது, அதெல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். ஜூன் மாதம் கையெழுத்து என்று செய்தியில் பார்த்தேன். உண்மையா? எந்த வாரம்? யார் யார் வருவார்கள்? தெரிந்தால் எழுது. நான் தயாராக இருக்க வேண்டும்.

இங்கே ஒரே புழுக்கம்.

பதிலை எதிர்பார்த்து,
வாலு

மே 11

என் வாலுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, அவ்வளவுதான்.

ஆமாம். குளியலறையில் நான் வழுக்கவில்லை.

புது வீட்டுக்கு வந்த பிறகும் அவர் நினைத்தபோது வந்தார். போன மாதம் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் கண்ணாடிச் சட்டங்களை வாரித் தரையில் கொட்டினார். அன்றைக்கு என் முதலாளியம்மா என் கையைப் பிடித்து ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனார். தடை உத்தரவு கிடைத்துவிட்டது. என் வீட்டு வாசலை அவர் மிதிக்கக் கூடாது.

உத்தரவை எடுத்துக்கொண்டு கட்டடப் பொறுப்பாளரிடம் போய், "அவர் பேரை அழிச்சிடுங்க சார்" என்றேன். அவர் உத்தரவை இரண்டு முறை படித்தார். "பேரை அழிக்க முடியாதும்மா. தடை போட்ட ஆள் வந்து அட்டையை வெச்சா அது பதிவாகணும், கோர்ட்டுக்குக் காட்டணும். அதனால பேரை வெச்சுக்கிட்டு, நேரத்தை மட்டும் மொத்தமா கழிச்சிடுறேன். இனிமே அவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது, போதுமா?" என்றார். என் கண் முன்னாலேயே செய்தார். திரையில் அத்தான் பெயருக்கு நேராக எல்லா நாளும் வெறுமையாகிவிட்டது.

நேற்று ராத்திரி, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்காமல் தூங்கினேன்.

நீயும் நன்றாகத் தூங்கு.
அக்கா

மே 16

தங்கச்சிக்கு,

இதை எழுதுவது மூன்றாம் மாடித் தையற்காரி. உங்க அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவர் கையில் மாவுக்கட்டு. இனி வருவது அவர் பேச்சு.

உன் பதில் வருவதற்குள் இது நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவு 'டக்' என்றது. நிமிர்ந்தால், உள்ளே நிற்கிறான். வாலு, அவனுக்கே ஆச்சரியம். கதவை உதைக்கத்தான் வந்திருக்கிறான். பழக்கதோஷத்தில் அட்டையை வைத்திருக்கிறான், பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

"எப்படி உள்ள வந்தே?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒருமையில்.

ஒரு நொடி அட்டையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "என் பூட்டு எனக்குத் திறக்காதா? கோர்ட்டு சொன்னா என்ன, கதவு யார் பேச்சைக் கேக்குதுன்னு பாத்தியா?"

அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம் என்று இவளிடம் சொல்லிவிட்டேன். என் சத்தம் கேட்டு இவள் சுடச்சுட இஸ்திரிப் பெட்டியோடு இறங்கி வந்தாள். (ஆமாம் தங்கச்சி, வந்தேன். கிட்டே வந்திருந்தால் முகத்திலேயே தேய்த்துச் சுருக்கம் எடுத்திருப்பேன்.) அவன் போய்விட்டான். அதே மணிக்கட்டு. இந்த முறை எலும்பு.

தடையை மீறியதற்கு வழக்கு போட்டாயிற்று. ஜூனில் விசாரணை. பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தன் கையாலேயே நேரத்தைக் கழித்த பிறகும் கதவு எப்படித் திறந்தது என்று அவருக்கும் விளங்கவில்லை. இப்போது பெயரையே அழித்துவிட்டார்கள்.

உனக்கு விளங்குகிறதா?

அக்கா (அவர் சொல்லி, நான் எழுதியது)

மே 21

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன; முதலாவது டயர் கடையில் தங்கிப்போயிருந்தது. முதலாவதைப் படித்துவிட்டு, கால் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன், உன்னிடம் வர. வாசலில் தபால்காரர் இரண்டாவதைக் கொடுத்தார். டயர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கை வலிக்கிறதா? விரலை அசைக்க முடிகிறதா? அந்தத் தையல் அக்காவுக்கு என் கும்பிடு.

விளங்குகிறது அக்கா. பெயரை அழித்திருந்தால் திறந்திருக்காது. பெயரை வைத்துக்கொண்டு நேரத்தைக் கழித்ததால் திறந்தது. நேரமே இல்லை என்பதும் எல்லா நேரமும் என்பதும் அந்தப் பூட்டுக்கு ஒன்றுதான். அவன் அழித்த அடையாளம் அவனையே உன் வீட்டுக்குள் விட்டிருக்கிறது.

வக்கீலம்மாவிடம் இதைச் சொல். அவனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கட்டும்: உன் பூட்டு சரியான பூட்டா, இல்லையா? சரியானது என்றால், தடை போட்ட அட்டைக்குத் திறந்திருக்காது. அப்படியானால் இவன் பூட்டைக் கெடுத்து உள்ளே புகுந்தவன். சரியில்லை என்றால், வாங்க வருகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இருதலைக் கொள்ளி எறும்பாக நிற்கட்டும். லைப்ரரி பொதுவில் இருக்கிறது. யார், என்றைக்கு, எதை மாற்றினார் என்று அதிலேயே இருக்கும். அந்தப் பக்கங்களை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

நான் வந்து உன்னோடு இருக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுது, அடுத்த பேருந்தில் ஏறுகிறேன்.

வாலு

ஜூன் 19

வாலு,

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. நானே எழுதுகிறேன். உனக்குச் சளி போயிற்றா?

விசாரணை போன வாரம் முடிந்தது. நீ வர வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் பதில் போடாமல் இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாங்கப் போகும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டான்.

வக்கீலம்மா ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "உங்க பூட்டு நல்லா வேலை செய்யுதா சார்?"

"நூத்துக்கு நூறு மேடம்."

"தடை போட்ட அட்டையை வெச்சா?"

"திறக்கவே திறக்காது."

"உங்க அட்டைக்குத் தடை போட்டிருந்தது. பொறுப்பாளர் சாட்சி சொல்லிட்டார். அப்போ பூட்டுல என்ன பண்ணி உள்ள போனீங்க?"

அவன் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முடியாமல் விழிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதே முழி. பிறகு சொன்னான்: "நான் ஒண்ணும் பண்ணல. அது தானா திறந்துச்சு. பூட்டுல ஒரு குறை இருக்கலாம். ஆனா அந்தப் பகுதி நான் எழுதினது இல்ல மேடம். முழுக்க என் மச்சினி எழுதினது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. வக்கீலம்மா மேடைப் பேச்சு வீடியோவைப் போட்டார். 'நானே உட்கார்ந்து வடிவமைச்சேன்' என்று அவன் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. பிறகு நீ அனுப்பிய பக்கங்கள். வெற்றுக் கணத்தை எழுதியது நீ, எடுத்தது அவன், தேதியோடு. நீதிபதியம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஆக, மச்சினி எழுதினது சரியா இருந்திருக்கு. நீங்க கை வெச்ச இடத்துலதான் கதவு திறந்திருக்கு" என்றார். பின்வரிசை இரண்டு பேரும் அப்போதே எழுந்து போனார்கள். அவனுக்குச் சிறை. வாங்கும் பேச்சு முறிந்தது. உன் பெயர் பதிவாகிவிட்டது. நீ ஆசைப்பட்டது எல்லாம் நடந்தது.

இனி, உன்னை ஏன் வரச் சொல்லவில்லை என்பதைக் கேள். நான் உன் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். பிப்ரவரியில் உனக்குத் தெரிந்திருக்கிறது. வீடுகளுக்கும் இந்தப் பூட்டு போகப் போகிறது என்று அதற்கு முன்பே எழுதியிருந்தேன். 'பூட்டில் அது என்ன செய்யும்' என்று மார்ச்சில் வாய்விட்டுக் கேட்டேன். நீ எனக்குப் பதில் சொல்லவில்லை. கையெழுத்து எந்த வாரம் என்று திருப்பிக் கேட்டாய்.

தையற்காரிக்கும் ஒரு தடை உத்தரவு இருக்கிறது, அவள் அண்ணன் மேல். இதே கட்டடத்தில் அவன் பெயரையும் அழிக்காமல், நேரத்தை மட்டும்தான் கழித்து வைத்திருந்தார்கள். நான் சொன்ன பிறகுதான் அழித்தார்கள். மற்ற கட்டடங்களில் யார் போய்ச் சொல்வது? கம்பெனி கலைந்துகொண்டிருக்கிறது. உன் பகை உன் அத்தானோடு. கதவுக்குப் பின்னால் படுத்திருப்பவள் உனக்கு என்ன செய்தாள்?

அந்தக் குறையைச் சரிசெய்வது பெரிய வேலையா?

அக்கா

ஜூன் 26

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், விரல் மடங்குகிறதா?

பெரிய வேலை இல்லை. பேருந்துக் கூத்து நடந்த அன்றே சரியான வடிவத்தை எழுதி வைத்துவிட்டேன். வெளியிடாமல் வைத்திருந்தேன். அவன் வழக்கில் தோற்றதைச் செய்தியில் பார்த்த பிறகும், உன் கடிதம் வரும்வரை, கொடுக்கும் எண்ணம் இல்லை. என்றைக்காவது அவன் என் அறை வாசலில் வந்து நின்று, 'நீ எழுதியதுதான் சரி, கொடு' என்று கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அந்தக் காட்சியை நினைத்து நினைத்து எத்தனை நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன் தெரியுமா? அந்த நாட்களில் நீ நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

கொடுத்துவிட்டேன். வெற்றுக் கணம் திரும்பவும் தனி வகை. அவன் கம்பெனியில் மிச்சமிருந்த ஒரு பெண் அதை வாங்கி, எல்லாப் பூட்டுகளுக்கும் அனுப்பிவிட்டதாக எழுதினாள். நேரம் கழிக்கப்பட்ட பெயர்கள் இருக்கும் கட்டடங்களுக்கு அவளும் நானும் மாற்றி மாற்றிப் போன் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு பொறுப்பாளர், "அதெல்லாம் எங்க பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். அடித்துக்கொண்டே இருப்பேன்.

அவன் மேல் கோபம் போயிற்றா என்று கேட்காதே. போகவில்லை. அவன் சிறையில் இருப்பதை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. ஆனால் உன் மணிக்கட்டை நினைத்தால் அது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

வரட்டுமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

வாலு

ஜூலை 9

வாலு,

விரல் மடங்குகிறது. சின்ன லென்ஸ்தான் இன்னும் கைநழுவுகிறது.

உன் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்க நான் தயாராக இல்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பொறுப்பாளரிடம் போய், "என் பேருக்கு எதிர்ல இருக்கிற நேரத்தை எல்லாம் கழிங்க" என்றேன். "உங்களுக்கேவாம்மா?" என்றார். கழித்தார். தையற்காரியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அட்டையை வைத்தேன். சிவப்பு. மறுபடி வைத்தேன், சிவப்பு. காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை. திறக்கவில்லை. என் வீட்டு வாசலில் நானே வெளியே நின்றுகொண்டு அழுதேன். உள்ளேயிருந்து இவள், "திறக்கட்டுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் இரு என்றேன்.

நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. எழுத்தில் மன்னிக்க எனக்கு வராது, திட்டவும் வராது. இரண்டையும் நேரில்தான் செய்ய வேண்டும். சனிக்கிழமை புறப்பட்டு வா. அந்தப் பொறுப்பாளர்களுக்கு இங்கேயிருந்தும் போன் அடிக்கலாம், நானும் அடிக்கிறேன். உனக்கு அட்டை சொல்லி வைக்கவில்லை. வந்து கதவைத் தட்டு. யார் என்று கேட்டுவிட்டு, நானே வந்து திறக்கிறேன்.

அக்கா